மாடியில் குடியிருக்கும் பெண்ணின் தாய்மொழி சிம்தே. கணக்கெடுப்பில் எப்படி எழுதுவது?

லாசுப்பேட்டை வாத்தியாரம்மா:

வணக்கம். முப்பத்தொரு வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். 2001, 2011 என்று இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வீடு வீடாகப் போயிருக்கிறேன். என் படிவங்களைத்தான் மேற்பார்வையாளர் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட எனக்கே இப்போது ஒரு சந்தேகம்.

என் வீட்டு மாடியில் ஆறு மாதமாக ஒரு பெண் குடியிருக்கிறாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். சொந்த ஊர் மணிப்பூர், சுராசந்த்பூர். வாடகை ஐந்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும், ஆள் இருக்கும் சத்தமே தெரியாது. சத்தம் கேட்டது ஒரே ஒரு நாள். குடிவந்த மூன்றாம் நாள் விடியற்காலை மோட்டாரைப் போட்டுவிட்டு வாசலில் கோலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து "துய்! துய்!" என்று கூச்சல். யாரைப் பார்த்துத் துப்புகிறாள் இவள் என்று கொண்டையை முடிந்துகொண்டு சண்டைக்கே படியேறினேன். நாலாவது படியில் கால் வழுக்கியது. தொட்டி நிரம்பி மாடிப்படி அருவியாகியிருந்தது. அவள் மொழியில் தண்ணீருக்குத் துய் என்று பெயராம். தூக்கக் கலக்கத்தில் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, வீட்டு வார்த்தை வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கணக்கெடுப்பை 2027 பிப்ரவரியில் நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். அதுவரை அவள் இங்கேயே இருந்தால் என் கதவு எண்ணுக்குக் கீழேதான் அவள் பெயர் ஏறும். பேச்சுவாக்கில், "தாய்மொழி கேட்டால் மணிப்புரி என்று சொல்லிவிடு, வேலை முடிந்தது" என்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "மணிப்புரி இல்லை டீச்சர், சிம்தே" என்றாள்.

அதிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2011 பிப்ரவரியில் என் வட்டத்தில் ஓர் உணவு விடுதியின் பின்கட்டில் நான்கு பையன்கள் தங்கியிருந்தார்கள். பாத்திரம் தேய்க்கவும் ரொட்டி போடவும் வந்தவர்கள். மத்தியானம் மூன்று மணி, எனக்குக் காலில் வீக்கம். ஊர் கேட்டேன், மணிப்பூர் என்றான் மூத்தவன். பத்தாவது கேள்வி தாய்மொழி. அவன் வாயைத் திறப்பதற்குள் நானே நான்கு பேருக்கும் மணிப்புரி என்று எழுதிவிட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். "அடுத்து" என்று கேள்வியைத் தாண்டிவிட்டேன். சொல்பவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதை அப்படியே எழுத வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் விடைத்தாளில் பார்த்து எழுதினால் காதைத் திருகியவள் நான்.

சிம்தே என்பது தனி மொழியா, மணிப்புரியின் ஒரு வழக்கா? எந்தப் பக்கம் பேசுகிறார்கள்? அரசாங்கப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தேடினேன், தலை சுற்றுகிறது.

கடற்கரைச்சாலை நடையர்:

மணிப்பூர் என்றால் மணிப்புரிதான் அம்மா. 1992இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு பேச்சு இருக்கத்தான் செய்யும், அதையெல்லாம் மொழிக் கணக்கில் சேர்க்க முடியுமா?

பாதி மலையாளி:

நடையர் அவர்களே, என் மாமனார் வீடு மாஹேயில் இருக்கிறது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் பிறந்தவர் என்பதற்காக அவருக்குத் தாய்மொழி தமிழ் என்று எழுதிப் பாருங்கள், பிறகு அந்த வீட்டில் உங்களுக்கு மீன்கறி கிடைக்காது. ஏனாமில் தெலுங்கருக்கும் இதே கதை. நாலு துண்டாகக் கிடக்கும் நமக்கே இது தெரியவில்லையென்றால் யாருக்குத் தெரியும்?

மணிப்புரி என்று அட்டவணையில் இருப்பது மெய்தெய் மக்களின் மொழி, இம்பால் பள்ளத்தாக்கின் மொழி. மலைகளில் வேறு மொழிகள், ஒன்றிரண்டு அல்ல.

நெல்லிக்குப்பம் பழைய ஓட்டுநர்:

அம்மா, நான் மொழி படித்தவன் அல்ல. எல்லைச் சாலை அமைப்பில் லாரி ஓட்டியவன். சுராசந்த்பூர்ப் பக்கத்து மலைச் சாலைகளில் ஜல்லி ஏற்றி இறக்கி மூன்று வருடம் கழித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர்ப் பெயர். சுராசந்த்பூர் என்பது எழுத்தில் இருக்கும் பெயர். மணிப்பூரை ஆண்ட மகாராஜா சுராசந்த் சிங் பெயரில் வைத்தது. அங்கே இருப்பவர்கள் லாம்கா என்றுதான் சொல்வார்கள். லாம் என்றால் பாதை, கா என்றால் அது பிரியும் வாய். நம் பக்கம் கூட்டு ரோடு என்கிறோமே, அதேதான். எனக்கு இது விளங்கியதும் அந்த ஊர் சட்டென்று பழகிவிட்டது. கூட்டு ரோட்டில் டீ குடிக்காத ஓட்டுநர் உண்டா?

லாம்கா கடைத்தெருவில் ஒரு பெண்மணியிடம் இஞ்சியும் மூங்கில் குருத்தும் வாங்குவேன். எனக்கு முன்னால் நிற்பவரிடம் பைத்தேயில் விலை சொல்வார், பின்னால் நிற்பவரிடம் தாடோவில். மிசோவும் பேசுவார். என்னிடம் உடைந்த இந்தி. என் இந்தியும் அதே தரம் என்பதால் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. எனக்கு முதல் வருடம் முழுக்க அவையெல்லாம் ஒரே மொழியாகத்தான் கேட்டன. வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சிம்தே என்றார். அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சிம் என்றால் தெற்கு. தே என்பது நம் 'ஆர்', 'கள்' போலப் பலரைக் குறிப்பது. தெற்கத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிலேயே பலர் ஙைத்தே என்று ஒரு குலப்பெயரும் சொல்வார்கள். ஊர்கள் மணிப்பூரின் தென்மலையில், தான்லோன் பக்கமும் சிங்ஙட் பக்கமும். பிழைப்புக்கும் படிப்புக்கும் இறங்கி வந்தவர்கள் லாம்காவில். தான்லோன் இப்போது சுராசந்த்பூர் மாவட்டத்தில் இல்லை. 2016 கடைசியில் பெர்ஸோல் மாவட்டத்தைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது.

துய் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கத்து ஆறுகளின் பெயரைப் பாருங்கள்: துய்வாய். மிசோரம் பக்கம் போனால் துய்ரியால். நமக்குப் பரவனாறு, செய்யாறு என்று ஆறு வாலில் வரும். அவர்களுக்குத் தண்ணீர் தலையில் வருகிறது. மழைக்காலத்தில் அந்த ஆறுகளை ஒட்டி லாரியை ஓட்டியவனுக்கு ஏன் அப்படி என்று யாரும் விளக்க வேண்டாம்.

மோரே பேத்தி, கடலூர் முதுநகர்:

நானும் ஒன்று சொல்கிறேன். என் தாத்தா பர்மாவை விட்டு வந்தவர். இங்கே ஒட்டாமல், பர்மா எல்லையில் இருக்கும் மோரேக்குத் திரும்பிப் போய் அங்கேயே கடை வைத்துவிட்டார். மணிப்பூரின் கிழக்கு ஓரத்தில் அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிய தமிழர்கள் அந்த ஊர்க்காரர்கள். அங்கே என் காதில் விழுந்தது மெய்தெய்யும் தாடோவும். சிம்தே கேட்ட நினைவு இல்லை, ஆகவே மொழியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒரு முறை கணக்கெடுக்க வந்தவர் எங்கள் தாத்தாவின் தாய்மொழிக்கு நேரே 'மதராசி' என்று எழுதப் போனாராம். தாத்தா பேனாவைப் பிடித்துக்கொண்டார். "மதராஸ் ஊர் ஐயா, தமிழ் மொழி" என்று அரை மணி நேரம் நடந்ததாம். குடும்பத்தில் இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதை ஓடும். அந்த நான்கு பையன்களில் மூத்தவனை நினைத்தால் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வருகிறது. மன்னியுங்கள் அம்மா, குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

காலாப்பட்டு மொழியியல் மாணவன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் சிக்கலானது. பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது, பிறகு போய்விட்டது.

நம் கணக்கெடுப்பு வெளியிடும் மொழிப் பட்டியலில் பத்தாயிரம் பேராவது சொன்ன மொழிக்குத்தான் தனிப்பெயர் கிடைக்கும். 2001இல் 122 மொழிகள். சிம்தே அதில் இருந்தது, பத்தாயிரத்தைச் சிறிதே தாண்டி, வாசற்படியில் ஒரு கால் வைத்தாற்போல. 2011இல் 121 மொழிகள். வெளியே போனவை இரண்டு: ஒன்று பாரசீகம், மற்றொன்று சிம்தே. உள்ளே வந்தது ஒன்று, மாவோ. அதுவும் மணிப்பூர் மலைமொழிதான். 2001இல் சேனாபதி மாவட்டத்தின் மூன்று உட்கோட்டங்களில் எடுத்த கணக்கையே ரத்து செய்திருந்ததால் அப்போது அது பட்டியலுக்கு வரவில்லை. பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கியவை எல்லாம் 'பிற' என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடும்.

வாத்தியாரம்மா, நீங்கள் எழுதிய நான்கு வரிகளால் அந்தப் பெயர் விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்களைக் கொட்டிப் பார்த்தபோது 19,569 தேறின. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் எல்லாம் கலந்த குவியல். அதைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். இன்னும் 1,474 பெயர்களை எங்கே சேர்ப்பது என்றே தெரியாமல் தனியே வைத்தார்கள். இந்தச் சல்லடையில்தான் இருளர் மொழி தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே போய் நிற்கிறது. நமக்கு உறைக்காத சங்கதி இது.

சிம்தே பேசுபவர்கள் பத்து வருடத்தில் காணாமல் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து உறவுமொழியின் பெயரையோ, ஸோமி போன்ற பொதுப்பெயரையோ சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

மொழியைப் பற்றி: திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் பிரிவு, அதில் வடக்குக் கிளை. (குக்கி, சின் இரண்டுமே வெளியார் வைத்த பெயர்கள். எங்கள் துறையில் ஒட்டிக்கொண்டுவிட்டன.) பைத்தே, ஸோ, வைஃபே, காங்தே, மியான்மரில் பேசும் தெதிம் எல்லாம் உடன்பிறந்தவை, ஒருவர் பேசுவது மற்றவருக்கு வெகுவாகப் புரியும். மெய்தெய் தூரத்துச் சொந்தம். சிம்தேக்குத் தண்ணீர் துய், வீடு இன். மெய்தெய்க்குத் தண்ணீர் ஈஷிங், வீடு யும். இதை ஒரே மொழியின் இரண்டு வழக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பைத்தேயோடு வைத்துப் பார்த்தால்தான் மொழியா கிளைமொழியா என்ற வழக்கு நியாயமாக எழும். அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1956இல் வந்த மணிப்பூர்ப் பழங்குடிப் பட்டியலில் பைத்தேயும் சிம்தேயும் தனித்தனிப் பெயர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், நம்மைப் போல. ஆனால் நாம் வந்தேன், வந்தாய் என்று ஆளை வினையின் வாலில் காட்டுகிறோம். அந்தக் கிளை மொழிகளில் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டும்: கா என்றால் நான், நா என்றால் நீ. அதே கா, நா பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் என், உன். குரலை ஏற்றி இறக்கினால் சொல்லின் பொருளே மாறிவிடும் என்பது இன்னொரு தொல்லை. எழுதுவது ரோமன் எழுத்தில், ஏற்ற இறக்கத்தை அதில் குறிப்பதில்லை. படிப்பவர் அறிந்துகொள்ள வேண்டும்.

கடற்கரைச்சாலை நடையர்:

சரி, மணிப்புரி என்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன். பட்டியலிலேயே இல்லாத பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது? கடைசியில் 'பிற' மூட்டைக்குத்தானே போகும்?

காலாப்பட்டு மொழியியல் மாணவன்:

போகலாம். ஆனால் அந்த மூட்டைக்கும் ஒரு கதவு இருக்கிறது. பத்தாயிரத்துக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தவென்றே 2013இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது, மைசூரில் உள்ள இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் நடத்துகிறது. 'மணிப்புரி' என்று எழுதிய சிம்தேக்காரரை அந்தக் கதவு வழியாகவும் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

லாசுப்பேட்டை வாத்தியாரம்மா:

எல்லோருக்கும் நன்றி. மோரே பேத்தி, நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தியிருக்கிறாய்.

நேற்று அவளுக்கு இரவுப் பணி இல்லை. மாடிக்குப் போய் நீங்கள் எழுதியதை எல்லாம் படித்துச் சொன்னேன். தெற்கத்தியார் என்பதற்குச் சிரித்தாள். "இங்கே எல்லோரும் என்னை வடக்கிலிருந்து வந்தவள் என்கிறார்கள் டீச்சர்" என்றாள். ஓட்டுநர் ஐயா லாம்கா என்று எழுதியிருப்பதைத் திரையில் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது குவாஹாத்தி போய், அங்கிருந்து அய்ஸால் போய், பிறகு சுமோவில் ஒரு பகலும் பாதி இரவும் மலையேறினாளாம். இம்பால் விமான நிலையம் வீட்டுக்கு அத்தனை கிட்டே இருக்கிறது. 2023 மே மாதம் மெய்தெய்களுக்கும் அவள் பக்கத்து மலை மக்களுக்கும் கலவரம் மூண்ட பிறகு அந்த வழி அவளுக்கு இல்லை. அதற்குமேல் அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எண்ணச் சொல்லிக் கேட்டேன். ஒன்றுக்குக் கட். என் 'க' போதவில்லை என்று தலையை ஆட்டினாள். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, காற்று கையில் பட வேண்டும் என்றாள். ஏழெட்டு தடவை ஊதினேன். மூன்றுக்குத் தும், அதற்கும் காற்று வேண்டுமாம். நான்குக்கு லி. ஐந்துக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்துக்கு ஙா.

முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஙப் போல் வளை' சொல்லிக்கொடுத்தவள் நான். ங வரிசையில் வார்த்தை சொல்லுங்கள் டீச்சர் என்று வருடத்துக்கு ஒரு துடுக்குப் பிள்ளையாவது கேட்கும். அது நடுவில்தான் வரும், முதலில் வராது, வாயை மூடு என்று உட்கார வைப்பேன். அந்த எழுத்து அவர்களுக்கு ஐந்து என்று சொல்ல உதவுகிறது, குலப்பெயரைத் தொடங்கி வைக்கிறது. ரோமனில் இரண்டு எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள். நம்மிடம் ஒற்றை எழுத்தாக இருப்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நன்றாக வளைந்திருக்கிறது என்றாள். தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு மாணவர் எழுதிய கா, நா விவகாரம். அதைச் சரியாக மனத்தில் வாங்காமல், வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டி, என் வீடு என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு 'நா இன்' என்றேன். நம் நான்தானே நா என்று நாக்கு முந்திக்கொண்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்னது 'உன் வீடு' என்று ஆகிவிட்டதாம். அடுத்த மாதம் வாடகை தர வேண்டாமா என்று கேட்கிறாள், கள்ளி.

கணக்கெடுக்க வருபவரிடம் அவளே வாயைத் திறந்து சொல்லட்டும். அந்த நேரம் அவள் பணியில் இருந்தால் நான் சொல்வேன். இந்த முறை கைப்பேசியில்தான் பதிவு என்கிறார்கள், என் கையெழுத்துக்கு வேலை இல்லை. வருபவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லவாவது எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். தமிழில் சிம்தே என்பதா, சிம்ட்டே என்பதா? ஓட்டுநர் ஐயா, உங்கள் காதில் எப்படி விழுந்தது?

நெல்லிக்குப்பம் பழைய ஓட்டுநர்:

ட் வேண்டாம் அம்மா. இஞ்சிக்காரப் பெண்மணி சொன்னபோது நாக்கு பல்லில்தான் பட்டது. சிம்தே. எதற்கும் மாடிக்காரியை உங்கள் எதிரில் நிறுத்தி ஒரு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், என் காதுக்கு வயது அறுபத்தெட்டு.